லீவு கூடினா வீடு சேருமா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் மட்டக்களப்பில களுவாஞ்சிகுடிப் பக்கம் நாலஞ்சு கடைக்கு சம்பளக் கணக்கும் இபிஎஃப் கணக்கும் எழுதுறவள். எங்கட மாதர் சங்கத்தில "குடும்பத்தோட இருக்க லீவு கூட்டித் தாங்க" எண்டு மேலிடத்துக்கு ஒரு கடிதம் அனுப்புவம் எண்டு முடிவெடுத்த நாள்ல இருந்து சந்தையில, பஸ்ஸில, கோயில் வீதியில கண்ட இடமெல்லாம் ஒரே கேள்வியை ஆக்கள் மாறி மாறிக் கேக்குறாங்க. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போய்த்தான் எழுதி வைக்கிறன். கேள்வியெல்லாம் கேட்டவங்க கேட்ட மாதிரியே கிடக்கு, மறுமொழி என்ட சொந்தக் கருத்து, சங்கத்துக்கு அதில பங்கில்ல.

கடிதத்தில என்னதான் கேக்குறீங்க அக்கா, சுருக்கமா சொல்லுங்களன்?

மூணு விசயம். தீபாவளி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் இதுகளுக்கு அடுத்த நாளும் லீவு வேணும். அந்த லீவு கந்தோர்க்காரருக்கு மட்டும் இல்லாம கடையில, கார்மெண்டில நிக்கிற ஆக்களுக்கும் வரணும். ஊர்ச் சடங்கு, திருவிழாவுக்கெண்டு ஆளாளுக்குத் தெரிவு செய்து எடுக்க ஒரு நாள் வேணும்.

நானா இருந்தா ரெண்டாவதை முதலாவதாப் போட்டிருப்பன், ஏனெண்டு கீழ வாசிக்க விளங்கும். கூட்டத்தில அதைச் சொன்னதுக்கு தொண்டை கட்டினதுதான் மிச்சம்.

ஏற்கனவே இலங்கையிலதான் லீவு கூட எண்டு சொல்றாங்க, இன்னும் என்னத்துக்கு லீவு?

மெய்தான், இல்லையெண்டு சொல்லல்ல. வருசத்துக்கு 25 நாள் மட்டில பொது விடுமுறை வருது, அதில 12 போயா, அதாவது பூரணை நாள் லீவு, சில வருசம் 13. இந்த எண்ணிக்கையில எங்களை விட மேல நிக்கிற நாடு கனக்க இல்ல.

ஆனா ஒரு வீட்டை எடுத்துப் பாருங்க. அம்மா டீச்சர், அப்பா ஹார்ட்வெயார் கடையில சாமான் நிறுத்துக் குடுக்கிற, மூத்த புள்ள கார்மெண்டில, சின்னவன் ஓஎல் படிக்கிறான். போயா வந்தா அம்மாவுக்கு லீவு, அப்பாவுக்கு கடை திறந்திருக்கும், மூத்தவள் ஓடர் முடிக்கணும் எண்டு வேலைக்குப் போவாள், சின்னவனுக்கு காலமை ஆறு மணிக்கே டியூஷன். அம்மா தனிய இருந்து உடுப்புத் தோய்ப்பா. கலண்டர்ல சிவப்பு, வீட்டில ஆள் இல்ல. 25 நாள் இரிக்கு, நாலு பேரும் ஒண்டா சோறு தின்னுற நாள் எத்தினை எண்டு கேட்டா விரலை விட்டு எண்ணலாம். நான் கேக்குறது அந்த எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி.

கலண்டர்ல சிவப்பாப் போட்டிரிக்கு, என்ட முதலாளி ஏன் லீவு தரல்ல?

கலண்டரை இன்னும் கொஞ்சம் கிட்டப் பாருங்க, திகதிக்குப் பக்கத்தில சின்னச் சின்னக் குறி மூணு வகை இரிக்கும். பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை. 1971ம் ஆண்டு 29ம் இலக்க விடுமுறைச் சட்டத்தில இருந்து வாற பொது விடுமுறையும் வங்கி விடுமுறையும் கந்தோருக்கும் வங்கிக்கும். கடைக்காரருக்கு, கொம்பனிக்காரருக்கு போயாவை விட்டா கணக்கு வர்த்தக விடுமுறைதான்.

அந்த வர்த்தக விடுமுறை எதெது தெரியுமா? தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரை வருசத்துக்கு முதல் நாளும் வருசமும், மே தினம், வெசாக்கும் அதுக்கு அடுத்த நாளும், மீலாத் நபி, நத்தார். தீபாவளி இதில இல்ல. சிவராத்திரி இல்ல. பெரிய வெள்ளி இல்ல. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் இல்ல. முதல்தரம் இதைக் கண்டுபிடிச்சப்ப நானே பிழையா வாசிக்கிறனோ எண்டு மூணு கலண்டர் எடுத்துப் பாத்தன். எங்கட பக்கத்துக் கடைகள் தீபாவளிக்குப் பூட்டுறது முதலாளியும் தமிழாளா இருக்கிறதால, காத்தான்குடியில பெருநாளுக்குப் பூட்டுறதும் அப்படித்தான். கொழும்புப் பக்கம் பியகம பக்ட்ரியில நிக்கிற எங்கட புள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்ல.

போயாவுக்கு கடை திறந்து வேலை வாங்கினா காசு கூடத் தரணுமாமே?

ஓம், ஒண்டரை மடங்கு. உதாரணத்துக்கு நாட்சம்பளம் 1,200 எண்டு வைங்க, போயாவில நிண்டா 1,800. வர்த்தக விடுமுறையில வேலை வாங்கினா ஒண்டில் இரட்டிப்பு, அதாவது 2,400, இல்லாட்டி அந்த வருசம் டிசம்பர் 31க்குள்ள சம்பளத்தோட பதில் லீவு. இது முதலாளி மனம் வைச்சுத் தாறது இல்ல, சட்டம்.

தாறாங்களா எண்டு கேட்டா, நான் கணக்கு எழுதப் போன ஒரு கடையில போயாவுக்கு நிண்ட பொடியனுக்கு மத்தியானச் சோத்துப் பார்சலோட சரி. நான் புத்தகத்தில ஒண்டரை போட்டதும் முதலாளி பேனையால வெட்டிப்போட்டு "தங்கச்சி, எங்களுக்குள்ள இதெல்லாம் பாக்கிறதா" எண்டார். அடுத்த மாசம் அந்தக் கணக்கு என்ட கையில இல்ல.

லீவைக் கூட்டச் சொல்லிக் கேக்க முதல் இருக்கிற லீவை எடுக்கலாமே?

நல்ல கேள்வி, கேட்டது ஒரு கடை முதலாளி எண்டாலும். கடை, கந்தோர் ஊழியர் சட்டம் 1954ல வந்தது, அதின்படி வருசாந்த லீவு 14 நாள், திடீர்த் தேவைக்கு எடுக்கிற அமய லீவு 7 நாள். ஆனா வருசாந்த லீவு வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருசத்திலதான் கைக்கு வரும், அதுவும் எந்த மாசம் சேர்ந்தீங்க எண்டதைப் பொறுத்து. ஜனவரி தொடக்கம் மார்ச்சுக்குள்ள சேர்ந்தா 14, கடைசி மூணு மாசத்துக்குள்ள சேர்ந்தா 4தான். வருசத்துக்கு ஒரு கடை மாறுற பொடியன்களுக்கு இது கண்ணிலயே படாது.

அரசாங்க உத்தியோகத்தருக்கு அமய லீவு 21, ஓய்வு லீவு 24. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்க, மறுகா ஆருக்கு லீவு கூட்டணும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல. குழந்தை கிடைச்சா தகப்பனுக்கு அரசாங்கத்தில 3 நாள் லீவு இரிக்கு, தனியாரில அப்படிச் சட்டமே இல்ல. இதைக் கடிதத்தில சேக்க மறந்துபோனம், அடுத்த கூட்டத்தில சொல்லணும்.

நாங்க கூலிக்குப் போற ஆக்கள் கா, லீவு கூடினா எங்கட அடுப்பு எரியுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கனநாள் மறுமொழி இல்லாம நிண்டன். கேட்டவ வேளாண்மை வெட்டுக்கும் மறுகா செங்கல் வாடிக்கும் போற ஆள். அவவுக்கு லீவெண்டா சம்பளம் இல்லாத நாள், அவ்வளவுதான். மேசன், ஓடாவி, கரவலை இழுக்கிற ஆள், ஆட்டோக்காரன் எல்லாருக்கும் இதே கதை. அரசாங்கம் ஒரு நாளைச் சிவப்பாக்கினா இவங்க வீட்டில உலை ஏறாது எண்ட பயம் நியாயமான பயம்.

அதால சொல்றன், வெறுமனே பொது விடுமுறையைக் கூட்டினா மட்டும் போதும் எண்டு கேக்குறவங்களோட நான் நிக்கல்ல. கந்தோர் பூட்டினா கந்தோருக்கு முன்னால தேத்தண்ணிக் கடை வைச்சிருக்கிறவனுக்கும் வியாபாரம் படுக்கும், அவனுக்கு ஆரும் ஒண்டரை மடங்கு குடுக்கப் போறதில்ல. இந்த ஆக்களுக்கு உதவுறதெண்டா வேற வழியாலதான் வரணும். பெருநாளுக்கு முன்னுக்கு ஒரு முற்பணம், இல்லாட்டி வெட்டுக்குக் கூட்டிப்போற போடியார் பொங்கலுக்கு முதல் நாள் பழைய பாக்கியெல்லாம் தீர்க்கிறது. பொங்கல் வாறது மாரிப்போக வெட்டு கிட்டி நிக்கிற நேரம், கையில காசிருந்தா அவங்களே ஒரு நாள் வீட்டில நிப்பாங்க, ஆரும் வர்த்தமானி அடிக்கத் தேவையில்ல. இப்பிடிச் சொன்னதுக்கு சங்கத்தில ரெண்டு பேர் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறதில்ல, பரவாயில்ல.

தீபாவளிக்கு ஒரு நாள் காணாதா, ரெண்டாம் நாள் என்னத்துக்கு?

உள்ளூர்ல வேலை எண்டா காணும். என்ட தம்பி கொழும்புப் பக்கம் கட்டுநாயக்காவில வேலை. முதல் நாள் வேலை முடிஞ்சு கொழும்பு கோட்டை ஸ்டேசனுக்கு வந்து இரவு மெயில் ரெயிலைப் பிடிச்சா விடியத்தான் மட்டக்களப்பு, அங்க இருந்து பஸ் ஏறி வீட்ட வர எண்ணெய் வைச்சு முழுகிற நேரமும் போயிரும். அண்டைக்கே பின்னேரம் கிறுகிப் போகணும், இல்லாட்டி அடுத்த நாள் சம்பளம் வெட்டு. போன வருசம் வந்தவன் அம்மாவோட இருந்தது ஒம்பது மணித்தியாலம், அதில நாலு மணித்தியாலம் நித்திரை. பலகாரத்தைப் பையில கட்டிக் குடுத்துப்போட்டு அம்மா படலையில நிண்ட நிலையைப் பாத்துத்தான் நான் சங்கத்தில முதல் கை தூக்கினன்.

சித்திரை வருசத்துக்கு முதல் நாளும் லீவு இரிக்கிறதால அவன் ஆறுதலா வருவான். வெசாக்குக்கும் ரெண்டு நாள். ஆக, ரெண்டு நாள் லீவு எண்டது இந்த நாட்டுக்குப் புதுசு இல்ல.

எங்கட ஸ்கூல்ல தீபாவளிக்கு அடுத்த நாள் லீவு விடுறாங்களே, அது காணாதா?

அது மாகாணம் விடுற விசேட லீவு, பள்ளிக்கூடத்துக்கு மட்டும். அதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் நடக்கும், கூடினது ஒண்டுமில்ல, இடம் மாத்தி வைச்சதுதான். புள்ளை வீட்டில, தாய் தகப்பன் வேலையில, மேல ரெண்டாவது கேள்வியில சொன்ன கதை தலைகீழா நடக்கும்.

பெருநாள் பிறை பாத்துத்தானே முடிவு, கலண்டர்ல ஒரு நாள் பிறை வேற நாள் எண்டா எப்பிடி?

ஏறாவூர்ல இருந்து வாற ஒரு ராத்தா கேட்டது. கலண்டர் அடிக்கிறது முதல் வருசமே, பிறை தெரியிறது அந்த இரவு. கொழும்பு பெரிய பள்ளிவாசல்ல பிறைக்குழு இருந்து அறிவிச்ச பிறகுதான் நாளைக்குப் பெருநாளா நோன்பா எண்டு தெரியும். கலண்டரில செவ்வாய் எண்டு கிடந்து பிறை தெரியாமல் புதனுக்குப் போனா, தனியார்ல நிக்கிற பொடியன் லீவெடுத்த நாள்ல நோன்பு பிடிச்சுக்கொண்டிருப்பான், பெருநாளண்டு வேலைக்குப் போவான்.

அதாலதான் அடுத்த நாளையும் சேர்த்துக் கேக்குறம். ரெண்டு நாள் ஒட்டி இருந்தா பிறை ஒரு நாள் தள்ளினாலும் பெருநாள் லீவுக்குள்ளதான் விழும். ஹஜ்ஜுக்கு இந்தக் கரைச்சல் இல்ல, பிறை கண்டு பத்தாம் நாள்தானே, முன்னாடியே தெரியும். ஆனா குர்பான் குடுத்து இறைச்சி பங்கு பிரிச்சு சொந்தக்காரர் வீடு வழிய கொண்டுபோய்க் குடுக்க ஒரு நாள் எங்க காணும் எண்டு அந்த ராத்தாவே கேட்டா.

லீவு ஞாயிற்றுக்கிழமையில விழுந்தா திங்கள் தருவாங்களா?

தானா வராது. அரசாங்கம் விசேடமா அறிவிச்சாத்தான். 2024ல வருசப்பிறப்பு வார இறுதியில விழுந்ததால ஏப்ரல் 15 திங்களையும் பொது விடுமுறையா அறிவிச்சாங்க. கேட்டா கிடைக்கும் எண்டதுக்கு அது ஒரு சாட்சி, ஆனா ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டு நிக்க ஏலுமா?

மாமாங்கத் தீர்த்தம், கண்ணகை அம்மன் சடங்கு இதுகளுக்கும் லீவு கேட்டா என்ன?

ஆசைதான். ஆடி அமாவாசைக்கு அமிர்தகழியில மாமாங்கேஸ்வரர் தீர்த்தம், வைகாசியில ஊருக்கு ஊர் கண்ணகை அம்மன் குளிர்த்தி, ஆவணியில மண்டூர் முருகன் கோயில் திருவிழா, பாண்டிருப்பில திரௌபதை அம்மன் தீமிதிப்பு, கொக்கட்டிச்சோலை தேர், ஆயித்தியமலை மாதா திருநாள், கல்முனை கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம். எதை விடுறது எதைச் சேர்க்கிறது? காரைதீவாருக்கு ஒரு நாள், மண்டூராருக்கு ஒரு நாள் எண்டு வர்த்தமானி அடிக்க வெளிக்கிட்டா முடியாது, சண்டைதான் மிஞ்சும்.

அதாலதான் "ஆளாளுக்கு ஒரு நாள்" எண்டு கேட்டம். அமய லீவில கை வைக்காம, வருசத்தில ஒரு நாள், ஒரு மாசத்துக்கு முன்ன எழுதிக் குடுத்தா முதலாளி மறுக்கேலாத நாள். ஒருத்தர் குளிர்த்திக்கு எடுப்பார், ஒருத்தர் ஆயித்தியமலைக்கு நடப்பார், இன்னொருத்தர் மகள் பெரியபிள்ளையான சடங்குக்கு எடுப்பார். எல்லாரும் ஒரே நாள்ல போகாட்டி கடையும் பூட்டத் தேவையில்ல. மூணு கோரிக்கையில முதலாளிமார் கொஞ்சமாவது தலையாட்டினது இதுக்குத்தான்.

வேற நாட்டுல குடும்பத்துக்கெண்டே ஒரு லீவு இரிக்காமே?

இரிக்கு. தென்னாபிரிக்காவில ஈஸ்டருக்கு அடுத்த திங்களை குடும்ப நாள் எண்டு வைச்சிருக்காங்க. கனடாவில அல்பேர்ட்டா மாகாணம் 1990லயே பெப்ரவரி மூண்டாம் திங்களை குடும்ப நாளாக்கிச்சு, ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோவுக்கு 2008ல வந்தது. அங்க இருக்கிற எங்கட சொந்தக்காரரிட்ட கேட்டா ஒரு வேடிக்கை சொல்லுவாங்க. அது மாகாண லீவு, மத்திய அரசாங்க வேலைக்கு இல்ல, அதால குடும்ப நாளண்டும் தபால்காரன் தபால் கொண்டு வருவான். இஞ்ச கந்தோருக்கு லீவு கடைக்கு இல்ல, அங்க தபாலுக்கு இல்ல. பேர் குடும்ப நாள் எண்டு வைச்சாலும் ஆருக்கு லீவு எண்டதுதான் கேள்வி.

லீவு கூடினா நாட்டுக்கு நட்டம் எண்டு சொல்றாங்களே?

நட்டமே இல்லையெண்டு சொன்னா பொய். மெசின் நிண்டா ஓடர் பிந்தும். ஆனா வெட்டினா லாபம் எண்டும் நிறுத்துச் சொல்ல ஏலாது. போர்த்துக்கல் கடன் நெருக்கடி நேரம் நாலு லீவை 2013ல இருந்து வெட்டிச்சு, 2016ல நாலையும் திருப்பிக் குடுத்திட்டுது. டென்மார்க் 2024ல இருந்து ஒரு பழைய பிரார்த்தனை லீவையே இல்லாமலாக்கினது, ராணுவச் செலவுக்குக் காசு வேணும் எண்டு. ரெண்டு பக்கமும் உதாரணம் இரிக்கு, உங்களுக்கு எது வேணுமோ அதை எடுத்துக் கதைக்கலாம். ஒண்டு மட்டும், லீவு நாள்ல புடவைக்கடையும் பஸ்ஸும் ஐஸ்கிரீம்காரனும் உழைக்கிறதை ஆரும் அந்தக் கணக்கில போடுறதில்ல.

முந்தி ஒருக்கா ஞாயிறு லீவே இல்லாம இருந்ததாமே, மெய்யா?

மெய். டட்லி சேனநாயக்க ஆட்சியில 1966ல இருந்து சனி ஞாயிறுக்குப் பதிலா கிழமைக்கொரு போயாவும் அதுக்கு முதல் நாளும்தான் லீவு. சந்திரன் எங்கட கிழமைக் கணக்குப் பாத்து ஓடுறதில்ல, சில கிழமை ஏழு நாளுக்கு மேல நீளும். வெளிநாட்டோட வியாபாரம் செய்யிறவங்களுக்கும் கரைச்சல், ஞாயிறு பூசைக்குப் போற ஆக்களுக்கும் கரைச்சல். 1971ல பழையபடி சனி ஞாயிறுக்கு வந்து, பூரணைப் போயா மட்டும் லீவா மிஞ்சினது. அந்தக் காலத்தில வேலை செய்த ஒரு பெரியப்பா சொல்லுவார், இண்டைக்கு என்ன கிழமை எண்டு கேட்டா ஆகாயத்தைப் பாத்துத்தான் சொல்லணும் எண்டு.

2022ல வெள்ளிக்கிழமை லீவு விட்டாங்களே, அதில குடும்பம் நல்லா வந்ததா?

அது குடும்பத்துக்கு விட்ட லீவு இல்ல. எண்ணெய் இல்லாத காலம், ஜூன் மாசம் அரசாங்க ஊழியருக்கு மூணு மாசத்துக்கு வெள்ளி லீவெண்டு அறிவிச்சாங்க, வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி. பக்கத்து வீட்டு கிளார்க் அண்ணன் மரவள்ளி நட்டார், மெய்யாவே கிழங்கும் தந்தார். ஆனா அவர் வீட்டம்மா தனியார் நேர்சரியில டீச்சர், அவவுக்கு வெள்ளி வேலை. திரும்பவும் ரெண்டாவது கேள்விதான்.

லீவு விட்டா மனிசன் குடிச்சுப்போட்டுக் கிடப்பான், அந்த லீவு எனக்கு வேணுமா கா?

இதைக் கேட்ட பெண்டுகள் ஒண்டு ரெண்டு இல்ல. போயாவுக்கு சாராயக்கடை பூட்டு, ஆனா முதல் நாளே வாங்கி வைக்கிறது ஊருக்கே தெரியும். லீவு கூடினா குடி குறையும் எண்டு நான் வாக்குக் குடுக்க மாட்டன். லீவு இல்லாட்டியும் குடிக்கிறவர் குடிக்கிறார்தானே, அதுக்கு மருந்து வேற இடத்தில தேடணும்.

லீவெண்டா எனக்கு சமையல்தானே கூடுது, எனக்கு எப்ப லீவு?

கூட்டத்தில இதைக் கேட்டதும் எல்லாரும் சிரிச்சாங்க, கேட்டவ சிரிக்கல்ல. தீபாவளிக்கு முதல் நாள் இரவு முழுக்க முறுக்குப் பிழிஞ்சு, விடிய இறைச்சி காய்ச்சி, பின்னேரம் வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி ஊத்தி, ராவைக்குச் சட்டி கழுவி. ரெண்டாம் நாளும் லீவெண்டா ரெண்டாம் நாளும் இதேதான். சட்டத்தால இதை மாத்தேலாது. என்ட வீட்டில ரெண்டாம் நாள் பழஞ்சோறும் முதல் நாள் கறியும், வேணும் எண்டவர் எடுத்துத் தின்னலாம் எண்டு சொல்லி வைச்சிரிக்கன். முதல் வருசம் மாமி முகத்தைச் சுளிச்சா, போன வருசம் அவவே ஊறுகாய்ப் போத்திலைக் கொண்டுவந்து வைச்சா.

என்ட மனிசி குவைத்தில, இந்த லீவால எங்களுக்கு என்ன?

மூணு புள்ளையோட நிக்கிற ஒரு அண்ணன் கேட்டார். எங்கட பக்கத்தில இப்பிடி எத்தினை வீடு. குவைத்தில வீட்டு வேலைக்குப் போன ஆக்களுக்கும் கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு, வருசத்துக்கு 30 நாள் லீவு எண்டு 2015ல சட்டம் போட்டிரிக்காங்க, அந்த வீட்டுக்காரர் குடுத்தாத்தானே. அவர் மனிசிக்கு வெள்ளிக்கிழமை பின்னேரந்தான் போன் கையில வரும், அங்க மூணு மணி எண்டா இஞ்ச அஞ்சரை. மூத்தவளுக்கு அந்த நேரம் கணித வகுப்பு.

கடிதத்தில இதுக்கு ஒரு வரியும் எழுதத் தெரியல்ல எங்களுக்கு. டியூஷன் மாஸ்டரிட்டப் போய் வெள்ளி வகுப்பை ஒரு மணித்தியாலம் முந்தி வைக்க ஏலுமா எண்டு கேட்டம். யோசிச்சுச் சொல்றன் எண்டிரிக்கார்.